பல்லை வெண்மையாக்கிய பிறகு அடைப்பு: சேலத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பல் மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் ஒரே வேண்டுகோள் திரும்பத் திரும்ப வருகிறது. "கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. பல்லை வெள்ளையாக்கிவிட்டு, முன்பல்லில் இருக்கும் பழைய அடைப்பையும் மாற்றிக் கொடுங்கள்." இரண்டும் தனித்தனியே எளிய வேலைகள். ஒன்றை முடித்த கையோடு மற்றொன்றைச் செய்வதில்தான் சிக்கல். அதைப் பற்றி நோயாளிகளும் அவர்களுடன் வரும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வெண்மையாக்கிய பல்லில் அடைப்பு ஏன் சரியாகப் பிடிப்பதில்லை?

முதலில் அடைப்பு எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். பல் நிறத்தில் வைக்கும் அடைப்பை நம் ஊரில் 'லைட் வைத்து அடைப்பது' என்பார்கள். அது கம்போசிட் என்னும் பிசின் வகை. பல்லின் மேல்தோடான எனாமல், எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். கண்ணாடி போல வழவழப்பான அந்தப் பரப்பில் பிசின் தானாக ஒட்டாது. 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் இதற்கு ஒரு வழி கண்டார். எனாமலில் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவிக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகின்றன. அவற்றுக்குள் பசை இறங்கி, வேர் விட்டதுபோல் கெட்டியாகிப் பிடித்துக்கொள்கிறது. இன்றும் நாங்கள் செய்வது அதைத்தான். அமிலத்தின் அடர்த்தி மட்டும் 37 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கிறது, நேரம் 15 முதல் 30 விநாடி.

வெண்மையாக்கும் மருந்து என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது அதை வெளிவிடும் கார்பமைடு பெராக்சைடு. இந்த மருந்து எனாமலின் மேல் நின்றுவிடுவதில்லை. சில நிமிடங்களிலேயே எனாமலைக் கடந்து உள்ளே இருக்கும் டென்டின் வரை ஊடுருவி, கறையின் நிறமிகளை உடைத்து வெளுக்கச் செய்கிறது. வேலை முடிந்து ஜெல்லைக் கழுவிய பிறகும் பெராக்சைடின் மிச்சமும் அதிலிருந்து பிரிந்த ஆக்சிஜனும் பல்லின் நுண்துளைகளுக்குள் தங்கியிருக்கின்றன.

பிசின் கெட்டியாவதற்கு எதிரி ஆக்சிஜன். நீல ஒளி பட்டதும் பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கத் தொடங்கும். நடுவில் ஆக்சிஜன் புகுந்தால் அந்தச் சங்கிலி பாதியிலேயே அறுந்துவிடும். புதிதாக வைத்த அடைப்பின் மேற்பரப்பு லைட் வைத்த பிறகும் சற்றுப் பிசுபிசுப்பாக இருப்பது இதனால்தான். காற்று பட்ட இடம் அது. மேலே அப்படி இருந்தால் மெருகேற்றும்போது துடைத்தெடுத்துவிடலாம். அதே பிசுபிசுப்பு அடியில், பல்லோடு ஒட்ட வேண்டிய இடத்திலேயே ஏற்பட்டால் அதைத் துடைக்க யாராலும் முடியாது. வெண்மையாக்கிய எனாமலில் ஒட்டிய பிசினை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அதன் வேர்கள் குட்டையாகவும் குறைவாகவும் இருப்பதையும், நடுநடுவே குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் இருப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதை நான் கொலுசுப் பட்டறைக்காரர்களிடம் விளக்கத் தேவையே இருந்ததில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளி வேலை செய்கிறவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்த விஷயம். கொலுசின் வளையத்தைப் பற்றவைக்கும்போது வெங்காரம் போடாமல் ஊதுகுழல் தீயைக் காட்டினால் என்ன ஆகும்? சூட்டில் காற்று பட்டு உலோகத்தின் மேல் படலம் கட்டிவிடும். பற்றாசு உருகினாலும் இணைப்புக்குள் ஓடாது. குண்டுமணியாகத் திரண்டு மேலேயே உருளும். இணைப்பு பார்வைக்கு முழுமையாகத் தெரியும், விரலால் நெம்பினால் கழன்று வரும். ஒரு பெரியவரிடம் ஆக்சிஜனைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர் இடைமறித்து, "பற்றாசு ஓடவில்லை என்று சொல்லுங்கள் டாக்டர், புரிகிறது" என்றார். அதைவிடச் சரியாக இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

இது ஏட்டில் மட்டும் உள்ள பிரச்சினையா, உண்மையிலேயே அடைப்பு விழுமா?

விழும். 1988லேயே கனடாவின் டொரன்டோ நகர ஆய்வாளர்கள், 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்த மாட்டுப் பல்லின் எனாமலில் பிசினின் பிடிப்பு வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள். பிறகு மனிதப் பற்களிலும் இது பலமுறை உறுதியானது.

ஆனால் நான் இதை நம்பியது ஆய்வறிக்கையைப் படித்து அல்ல. தொழிலுக்கு வந்த தொடக்கத்தில், கல்யாணப் பெண் ஒருவருக்கு வெண்மையாக்கிய நான்காம் நாளே முன்பல்லின் உடைந்த மூலையை ஒட்டிக் கட்டிக் கொடுத்தேன். நிறம் அழகாகப் பொருந்தியிருந்தது. மூன்றாவது வாரத்தில், விழுந்த துண்டைக் குங்குமச் சிமிழில் பத்திரப்படுத்தி எடுத்துக்கொண்டு வந்தார். மறுவீட்டு விருந்தில் முறுக்கைக் கடித்தபோது கழன்றதாம். அந்தத் துண்டைத் திருப்பி விளக்கின் கீழே பார்த்தேன். நன்றாகப் பிடித்த அடைப்பு உடைந்தால் பின்புறம் சொரசொரப்பாக, பல்லின் துணுக்குகளோடு இருக்கும். இதன் பின்புறம் சட்டைப் பொத்தானைப் போல வழவழப்பாக இருந்தது. எங்குமே பிடித்திருக்கவில்லை. தவறு என்னுடையது. அவரிடம் அதைச் சொல்லி, கட்டணம் வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து வெண்மையாக்கிய தேதியைக் கேட்காமல் நான் யாருக்கும் அடைப்பு வைப்பதில்லை.

அப்படியானால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

இரண்டு வாரம். ஆய்வுகள் மருந்தின் அடர்த்தியையும் நேரத்தையும் பொறுத்து 1 வாரம் முதல் 3 வாரம் வரை சொல்கின்றன. பெரும்பாலான பல் மருத்துவர்கள் கடைப்பிடிப்பது 14 நாள். அதற்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மெல்ல வெளியேறிவிடும், எனாமலின் பிடிப்புத் திறன் பழைய நிலைக்குத் திரும்பும். இந்தப் பிடிப்பு இழப்பு தற்காலிகமானது என்பதே இதில் உள்ள நல்ல செய்தி. காலம் ஒன்றே போதும், வேறு எதுவும் செய்யத் தேவையில்லை.

காத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு, அதுவும் சம அளவில் முக்கியம். வெண்மையாக்கி முடித்த அன்று பல் உண்மையான நிறத்தைவிடக் கூடுதலாக வெளுத்துத் தெரியும். ஒரு மணி நேரம் வாயைத் திறந்து வைத்ததில் பல் உலர்ந்துபோனதும், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் ஒளியைச் சிதறடிப்பதும் அதற்குக் காரணம். அடுத்த சில நாள்களில் நிறம் ஓரளவு இறங்கி, இரண்டு வாரத்தில் நிலைக்கு வரும். அன்றைய நிறத்தைப் பார்த்து அடைப்பின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், பிறகு பல் ஒரு நிறம், அடைப்பு ஒரு நிறம் என்று ஆகிவிடும். அப்போது பிடிப்பு நன்றாக இருந்தாலும் அடைப்பை மாற்றியே ஆக வேண்டும்.

கல்யாணத்துக்கு எவ்வளவு நாள் முன்னால் வர வேண்டும்?

முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வீட்டில் தட்டு வைத்து, அதாவது பல்லின் அச்சில் செய்த மெல்லிய உறையில் மருந்தை வைத்து இரவில் போட்டுக்கொண்டு, வெண்மையாக்குவதற்கு ஏறக்குறைய 2 வாரம். அதன் பிறகு காத்திருப்பு 2 வாரம். அடைப்பு வைத்து, ஒருமுறை சரிபார்த்து மெருகேற்ற இன்னும் ஒரு வாரம். ஆக, ஐந்து வாரம் இருந்தால் எந்த அவசரமும் இல்லாமல் முடியும்.

ஆவணியில் திருமணம் என்றால் ஆடி மாதத்தை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்பது நான் எப்போதும் சொல்லும் யோசனை. ஆடியில் நம் வீடுகளில் முகூர்த்தம் வைப்பதில்லை. கோட்டை மாரியம்மன் திருவிழாவைத் தவிர வேறு அலைச்சலும் குறைவு. ஆடி முதல் வாரத்தில் தட்டைத் தொடங்கினால் மாதப் பாதியில் வெண்மையாக்கல் முடிந்துவிடும், மீதிப் பாதி காத்திருப்பு. ஆவணி பிறந்ததும் அடைப்பு. துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் இரண்டு மாதம் முன்பே போகிற நாம், பல்லுக்கு மட்டும் கடைசி வாரத்தில் வருகிறோம்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. வெளிநாட்டுப் பயணம், விடுப்பு கிடைக்காத வேலை, உடைந்த முன்பல்லோடு நேர்காணல் என்று உண்மையான அவசரங்கள் உண்டு. அவர்களுக்கு சோடியம் அஸ்கார்பேட் என்னும் மருந்தைப் பயன்படுத்தலாம். வைட்டமின் சியின் உப்பு வடிவம் அது. ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் பொருள் என்பதால் மிச்சமிருக்கும் பெராக்சைடோடு வினைபுரிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. வெண்மையாக்கிய எனாமலில் இழந்த பிடிப்பை இது மீட்டுத் தருகிறது என்று 2002இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் பல்லை அதில் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். நோயாளியின் வாயில் அது நடக்காது. பிறகு வந்த பல ஆய்வுகள் 10 சதவீதக் கரைசலை 10 நிமிடம் வைத்தாலே கணிசமான பலன் கிடைப்பதாகச் சொல்லின.

செய்முறை எளிது. பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டுவேன். அன்று காலையில் கலக்கிய கரைசலைச் சிறு தூரிகையால் பல்லின் மேல் தடவி, காய்ந்துவிடாமல் நிமிடத்துக்கு ஒருமுறை புதுத் துளி சேர்த்துக்கொண்டே இருப்பேன். பத்து நிமிடம் முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட்டு, வழக்கம்போல் அமிலம், பசை, அடைப்பு. கரைசல் அன்றன்று கலக்கியதாக இருப்பது முக்கியம். வைட்டமின் சி காற்றிலேயே வீணாகிவிடும். முந்தைய நாள் கலக்கி வைத்த புட்டியில் கரைசல் மஞ்சளாகியிருந்தால் அது ஏற்கனவே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, கொட்டிவிட வேண்டியதுதான்.

இதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சான்றுகளில் பெரும்பகுதி ஆய்வகத்தில், பிடுங்கிய பற்களில் கிடைத்தவை. மென்று, கடித்து, சூடும் குளிர்ச்சியும் படும் வாயில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த தரவுகள் குறைவு. ஆகவே அவசரத்துக்கு இதை நான் பயன்படுத்துகிறேன்; காத்திருக்கக் கூடியவரைக் காத்திருக்கவே சொல்கிறேன். மேலும், இது பிடிப்பை மீட்கும், நிறத்தை நிலைப்படுத்தாது. நிறப் பொருத்தத்துக்கு இரண்டு வாரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

வைட்டமின் சி தான் மருந்து என்றால், ஏற்காட்டு ஆரஞ்சு சாப்பிட்டால் போதாதா? எலுமிச்சைச் சாறு தடவலாமா?

கூடாது. இந்தக் கேள்வி பலரும் கேட்பது, கேட்பதில் தவறும் இல்லை. ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் இருப்பது அஸ்கார்பிக் அமிலம், கூடவே சிட்ரிக் அமிலமும் மற்ற அமிலங்களும். நாங்கள் பயன்படுத்துவது அமிலத்தன்மை நீக்கிய உப்பு, ஏறக்குறைய நடுநிலையானது. கார அமிலக் குறியீடு 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு அதற்கு வெகு கீழே, 2 முதல் 3 வரை இருக்கிறது. வெண்மையாக்கிய பல் ஏற்கனவே கூச்சத்தோடு இருக்கும் நாள்களில் அதைத் தேய்ப்பது பல்லுக்குச் செய்யும் கேடு. பழத்தை உண்ணலாம், உண்டதும் தண்ணீரால் கொப்பளித்துவிடுங்கள். உண்ட பழம் உடலுக்கு நல்லது, அடைப்பின் பிடிப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வைட்டமின் மாத்திரையைச் சப்புவதும் இப்படித்தான்.

திராட்சை விதைச் சாறு என்று ஏதோ சொல்கிறார்களே?

உண்மைதான். திராட்சை விதையில் புரோஆந்தோசயனிடின் என்ற பொருள் இருக்கிறது. அதன் 5 சதவீதக் கரைசல், பிடிப்பை மீட்பதில் சோடியம் அஸ்கார்பேட்டுக்குச் சளைத்ததில்லை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. 2011இல் வெளியான அத்தகைய ஆய்வு ஒன்று சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் செய்தது. நம் மாநிலத்திலிருந்து போன வேலை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நிறமுள்ள சாறு என்பதால் முன்பல்லில் பயன்படுத்தினால் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். கடையில் விற்கும் திராட்சை விதை மாத்திரையைப் பொடித்துப் பல்லில் தேய்ப்பதால் பயன் இல்லை.

எனாமலைக் கொஞ்சம் இழைத்துவிட்டு அடைத்தால் பிடிக்கும் என்று ஒரு மருத்துவர் சொன்னார். சரியா?

மேற்பரப்பில் ஒரு அடுக்கை நீக்கினால் பிடிப்பு மேம்படும் என்பது சோதனையில் தெரிந்ததே. ஆல்கஹால் அல்லது அசிட்டோன் கலந்த பசைகளும் ஓரளவு உதவுகின்றன. ஆனால் எனாமல் மீண்டும் வளராது. இரண்டு வாரம் பொறுத்தால் தானே சரியாகும் ஒன்றுக்காக, வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய எனாமலைச் சீவ எனக்குக் கை வராது. பழைய அடைப்பை எடுக்கும்போது விளிம்பை எப்படியும் சாய்வாக இழைப்போம், அது வேறு.

முதலில் அடைப்பு, பிறகு வெண்மையாக்கல் என்று வரிசையை மாற்றினால் என்ன?

அடைப்பும் கேப்பும் வெளுக்காது. பல் மட்டுமே வெளுக்கும். முதலில் அடைத்து, பிறகு வெண்மையாக்கினால் வெள்ளைப் பல்லின் நடுவே பழுப்புத் திட்டாக அடைப்பு நிற்கும், செலவு இரட்டிப்பாகும். வெண்மையாக்கல் முதலில், காத்திருப்பு அடுத்து, அடைப்பு கடைசியில். ஏற்கனவே முன்பல்லில் அடைப்பு இருப்பவர்கள், வெண்மையாக்கிய பிறகு அதை மாற்ற நேரிடலாம் என்பதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லாமல் வெண்மையாக்கும் மருத்துவர் பாதித் தகவலைத்தான் தந்திருக்கிறார்.

பல்லில் சொத்தை இருக்கிறது. வலிக்கவும் செய்கிறது. அதற்கும் காத்திருக்க வேண்டுமா?

சொத்தையைத் திறந்து வைத்துக்கொண்டு வெண்மையாக்கவே கூடாது. மருந்து நேராக உள்ளே இறங்கி நரம்பைப் புண்ணாக்கும். சொத்தையைச் சுத்தம் செய்து, கண்ணாடி அயனோமர் வகைத் தற்காலிகச் சிமெண்டால் மூடிவிட்டு, பிறகு வெண்மையாக்கி, இரண்டு வாரம் கழித்து நிலையான அடைப்பு வைக்கலாம். கடைவாய்ப் பல் என்றால் நிறத்தைப் பற்றிய கவலையே வேண்டாம். முதலிலேயே நிலையான அடைப்பு வைத்துவிடலாம்.

வேர் சிகிச்சை செய்த முன்பல் கறுத்துவிட்டது. அதற்கும் இதே கணக்கா?

அதே கணக்கு, கூடுதல் கவனத்தோடு. அந்தப் பல்லை உள்ளிருந்து வெளுக்கச் செய்வோம். வேர் அடைப்பின் மேல் முதலில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு தடுப்பு வைக்க வேண்டும். மருந்து அதைத் தாண்டி வேர்ப்பக்கம் கசிந்தால், அரிதாக, ஈறு ஓரத்தில் வேரே அரிக்கப்படும் ஆபத்து உண்டு. பிறகு சோடியம் பெர்போரேட் பொடியைத் தண்ணீரில் குழைத்து உள்ளே வைத்து மூடுவோம். வெங்காரத்திலிருந்து தயாராகும் பொடி அது. சில நாள் இடைவெளியில் மாற்றி மாற்றி வைப்போம். நிறம் வந்ததும் உடனே நிலையான அடைப்பு வைக்காமல், கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்துத் தற்காலிகமாக மூடி இரண்டு வாரம் விடுவேன். இங்கே மருந்து டென்டினுக்குள்ளேயே நாள்கணக்கில் இருந்திருக்கிறது, ஆக்சிஜன் அங்கே அதிகம். மிச்சமிருக்கும் பல்லும் மெலிந்தது. இதில் அவசரப்பட்டால் அடைப்பு மட்டுமின்றி, கசிவால் நிறமும் திரும்பிப் போய்விடும்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. வெண்மையாக்கினால் போகுமா? அடைப்பு நிற்குமா?

இந்தக் கேள்விக்கு நம் மாவட்டத்தில் தனி இடம் உண்டு. சேலம் மாவட்டத்தின் சில வட்டாரங்களிலும் பக்கத்து தருமபுரியிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. அதற்கு மேலான நீரைக் குழந்தைப் பருவத்தில், நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் எட்டு ஆண்டுகளில் குடித்தவர்களுக்கு, பல் முளைக்கும்போதே சுண்ணாம்புத் திட்டோடு வருகிறது. பிறகு அந்தத் திட்டுகள் பழுப்பாகின்றன. பல் துலக்காததால் வந்த கறை என்று இந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள். அது அவர்கள் குற்றமே இல்லை.

லேசான கறைக்கு வெண்மையாக்கல் நல்ல பலன் தரும். பழுப்பு குறையும், ஆனால் வெள்ளைத் திட்டுகள் முதலில் இன்னும் தூக்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், சுற்றிலும் பல் வெளுத்ததும் வேறுபாடு குறையும். அடுத்த நிலைக்கு, மேற்பரப்பை அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்து நுண்ணியதாகத் தேய்க்கும் முறையும், திட்டுக்குள் பிசினை ஊறவைக்கும் முறையும் இருக்கின்றன. குழி விழுந்த பற்களுக்குக் கம்போசிட் பூச்சு தேவைப்படும்.

பிடிப்பைப் பொறுத்தவரை இவர்களுக்கு இரட்டைச் சிரமம். ஃப்ளோரைடு ஏறிய எனாமலின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் இணங்காது. நாங்கள் வேண்டும் நுண்குழிகள் குறைவாகவே உண்டாகும். கூடவே வெண்மையாக்கியதில் தங்கிய ஆக்சிஜனும் இருந்தால் பிசின் எதைப் பிடித்துக்கொள்ளும்? ஆகவே இவர்களுக்கு இரண்டு வாரத்தில் ஒரு நாளும் நான் குறைப்பதில்லை. பெரும்பாலும் மூன்று வாரம் விடுகிறேன். அமிலம் வைக்கும் நேரத்தையும் கூட்டுகிறேன். காய்ந்ததும் எனாமல் சுண்ணாம்பு பூசியது போல் மங்கலாகத் தெரிகிறதா என்று பார்த்து, தெரியாவிட்டால் மறுபடி வைப்பேன். மேலே சொன்ன அந்த ஊறவைக்கும் முறைக்கும் இதே காத்திருப்பு பொருந்தும்.

ஏற்காட்டிலிருந்து வருகிறோம். ஒவ்வொரு முறையும் மலை இறங்க முடியாது. ஒரே நடையில் முடிக்க முடியாதா?

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அன்றைய கூலியை விட்டு வருகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது வீட்டில் வெண்மையாக்கும் முறை. முதல் நடையில் பல்லின் அச்சு எடுத்து, அன்று மாலைக்குள் மெல்லிய தட்டு செய்து, 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லோடு கொடுத்துவிடுவேன். இது பிரிந்தால் ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான் கிடைக்கும், மிதமானது. இரவில் போட்டுக்கொண்டு உறங்கலாம். 1989 முதல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள முறை இது. இரண்டு வாரம் போட்டுவிட்டு நிறுத்துங்கள். நிறுத்திய தேதியை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து இரண்டாம் நடையாக வந்தால் அடைப்பு முடிந்துவிடும். காத்திருப்பு முழுவதும் உங்கள் வீட்டிலேயே கழியும். பல் அதிகமாகக் கூசினால் ஓர் இரவு விட்டு ஓர் இரவு போடுங்கள்.

காப்பித் தோட்டக்காரர்கள் அறுவடை தொடங்கும் முன் இதை முடித்துக்கொள்வது நல்லது. நவம்பரிலிருந்து சில மாதம் அவர்களை யாரும் கீழே வரவழைக்க முடியாது.

காத்திருக்கும் நாள்களில் காப்பி குடிக்கலாமா? தட்டுவடை செட் சாப்பிடலாமா?

உணவின் நிறத்துக்கும் பிடிப்புக்கும் தொடர்பில்லை. நிறத்துக்காக மட்டும் சொல்கிறேன்: ஒவ்வொரு முறை வெண்மையாக்கிய பிறகும் முதல் இரண்டு நாள் காப்பி, தேநீர், மஞ்சள் தூக்கலான குழம்பு, வெற்றிலைபாக்கு வேண்டாம். நம் ஊர்த் தட்டுவடை செட்டில் துருவிய பீட்ரூட்டும் சிவப்புச் சட்னியும் இருக்கின்றன. அதுவும் இரண்டு நாள் பொறுக்கட்டும். தயிர்ச்சாதம், இட்லி, தேங்காய்ச் சட்னி தாராளமாக உண்ணலாம்.

பல்லுக்குக் கிளிப் போடப் போகிறோம். வெண்மையாக்கியது அதைப் பாதிக்குமா?

பாதிக்கும். கிளிப்பின் சிறு வில்லைகளும் அதே பிசினால்தான் ஒட்டப்படுகின்றன. பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடுகளுக்கும் இதேதான். இரண்டு வாரம்.

அழகு நிலையத்தில் குறைந்த விலைக்கு வெண்மையாக்குகிறார்களே?

போக வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற பல் மருத்துவரே வாயில் சிகிச்சை செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெண்மையாக்கும் பொருள்களைப் பல் மருத்துவர் வழியாகத்தான் பெற முடியும். 18 வயதுக்குக் கீழே கொடுக்கவே முடியாது. அழகு நிலையத்தில் எந்த அடர்த்தியில் என்ன வைத்தார்கள் என்பது உங்களுக்கும் தெரிவதில்லை, பிறகு அடைப்பு வைக்க வரும்போது எனக்கும் தெரிவதில்லை. அப்படி வருகிறவர்களுக்கு நான் மூன்று வாரத்துக்குக் குறைத்து அடைப்பு வைப்பதில்லை.

மருத்துவரிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?

கடைசியாக வெண்மையாக்கிய தேதி. எங்கே செய்தது, நாற்காலியில் உட்காரவைத்தா, வீட்டில் தட்டு வைத்தா. ஜெல் புட்டியில் போட்டிருக்கும் சதவீதம். புட்டியையே கொண்டு வந்தாலும் நல்லது. கடையில் வாங்கிய வெண்மைப் பட்டைகளும் கணக்கில் சேரும். பலர் அதைச் சொல்லவே மாட்டார்கள், பற்பசை மாதிரிதானே என்று நினைத்துவிடுகிறார்கள்.

அடைப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். அடைப்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடோ பழுப்புக் கோடோ தோன்றும். பல்லிடை நூல் விளிம்பில் சிக்கிப் பிரியும். குளிர்ந்த மோர் குடித்தால் அந்த ஒரு பல் மட்டும் சுருக்கென்று கூசும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

அடைப்பு விழுந்துவிட்டது. நாளை முகூர்த்தம். என்ன செய்வது?

விழுந்த துண்டைத் தூக்கிப் போடாமல் ஒரு சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் விரைவுப் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். ஈறைப் புண்ணாக்கும், மேலும் அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் எனாமலும் போய்விடும். இன்றே அருகில் உள்ள பல் மருத்துவரிடம் போய், வெண்மையாக்கிய தேதியைச் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஆகவில்லை என்றால், அஸ்கார்பேட் வைத்து ஒட்டச் சொல்லலாம். அந்த வசதி இல்லாவிட்டால், தற்காலிகம் என்று இரண்டு பேருமே தெரிந்துகொண்டு ஒட்டிக்கொள்ளலாம். பந்தியில் முறுக்கையும் அதிரசத்தையும் அந்தப் பல்லால் கடிக்காமல், பிட்டுக் கடைவாயில் போட்டுக்கொள்ளுங்கள். மறுவீடு முடிந்து, வெண்மையாக்கிய நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வாருங்கள். நிலையானதை அன்று வைப்போம்.